கிழக்கு முகத்தில் ஒரு பயாஸ்கோப்

என் இடது கால் பூட்ஸ் இப்போது கோப்பெங் பக்கத்தில், ஒரு சுண்ணாம்புப் பாறையின் நடு வயிற்றில் இருக்கிறது. தரையிலிருந்து இரண்டு தென்னை மர உயரத்தில்.

அது எப்படி அங்கே போனது? முறையாகப் போனது. விண்ணப்பத்தோடு, முத்திரையோடு, ஏழு நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் போனது. இந்தப் பேரா மாநிலத்தில் அரசாங்க அனுமதி வாங்கிக்கொண்டு தொலைந்துபோன ஒரே பூட்ஸ் அதுவாகத்தான் இருக்கும்.

நடந்தது இதுதான்.

மூன்று மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்துல் கனி என் வீட்டுப் படியேறி வந்தார். ஈப்போவில் கூடாரம் போட்டு பயாஸ்கோப் காட்டுகிறவர். முதலாளியும் அவரே, வாசலில் டிக்கெட் கிழிப்பவரும் அவரே. படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று, இவன் யார், அவள் ஏன் அழுகிறாள் என்று கதை சொல்பவரும் அவரேதான். வந்தவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"ஐயா, மலை ஏறுறதுக்கு லைசென்ஸ் வேணுமா?"

முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க ஆபீசில் உட்கார்ந்து, பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, ஓய்வு பெற்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? பசியோடு இருப்பவனிடம் இலை போடட்டுமா என்று கேட்டது போல இருந்தது எனக்கு.

"எந்த மலை? அரசாங்க நிலமா, தோட்டத்து நிலமா? எத்தனை பேர் ஏறுவீர்கள்? பாறையை உடைப்பீர்களா, உடைக்காமல் ஏறுவீர்களா? எந்தப் பக்கம் வழியாக?"

"மெதுவா கேளுங்க ஐயா. நான் இன்னும் காப்பியே குடிக்கல."

காப்பி வந்தது. விஷயமும் வந்தது.

ஊரில் புதிதாக ஒரு செங்கல் கொட்டகை எழும்பியிருக்கிறதே... மின்சாரக் காற்றாடி, பியானோ, சாய்ந்துகொள்ள முதுகு வைத்த நாற்காலி. கனியின் கூடாரத்தில் இருப்பது பெஞ்சு. பியானோவுக்குப் பதில் ஓர் ஆர்மோனியம்; அதிலும் இரண்டு கட்டை பேசாது. "படம் பாக்க யாரும் அங்க போறதில்ல ஐயா. காத்து வாங்கப் போறாங்க. போன வாரம் என் கூடாரத்துல ஆட்டம் ஆரம்பிக்கும்போது பதினோரு பேரு. அதுல ரெண்டு பேரு மழைக்கு ஒதுங்குனவங்க."

இது போதாதென்று அவருடைய மச்சான் — மனைவியின் அண்ணன் — சுங்காயிலிருந்து ஆள் அனுப்பிவிட்டார். மச்சானுக்கு அங்கே மளிகைக் கடை. இரண்டு மாதம் பார்ப்பாராம். கூடாரம் நிமிரவில்லை என்றால் அதைச் சுருட்டிக்கொண்டு சுங்காய்க்கு வந்து, கடையில் உட்கார வேண்டியதுதான்.

"வெங்காய மூட்டைக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவுல எனக்குன்னு ஒரு ஸ்டூலே போட்டு வச்சிருக்கார் ஐயா. அந்த ஸ்டூலு கண்ணுக்குள்ளயே நிக்குது."

திரையில் கடல் பொங்க, கோட்டை இடிய, ராணி மயங்கி விழக் கதை சொன்ன குரல் அது. அந்தக் குரல் இனிமேல் "வெங்காயம் அரைக் கட்டி நிறுக்கவா, ஒரு கட்டியா" என்று கேட்க வேண்டும். எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் மலை. போன வருஷம் ஒரு துண்டுப் படம் காட்டினாராம். பனிமலையில் வெள்ளைக்காரர்கள் நாலு பேர் இடுப்பில் கயிறு கட்டி ஏறுகிற படம். கதை இல்லை, காதல் இல்லை. ஆனால் கூடாரத்தில் ஒருத்தர்கூட மூச்சு விடவில்லையாம். "அவங்க ஏறுற மலையை நாம பாத்தாச்சு. நம்ம மலையில நம்ம ஆளு ஏறுனா? ஈப்போவச் சுத்தி இத்தனை மலை நிக்குது, ஒண்ணுக்காவது படம் இருக்கா? நடிப்பு கிடையாது ஐயா. நாடகம் கிடையாது. நடந்தது நடந்தபடி."

தாயகம் திரும்பிய ஒரு சுரங்க இஞ்சினியரிடமிருந்து காமெரா கிடைத்துவிட்டது. கையால் சுற்றுகிற காமெரா. அதோடு ஒரே ஒரு டின் ஃபிலிம். ஆறேழு நிமிஷம் ஓடும். இன்னொரு டின்னுக்கு வழியில்லை.

"மலை ஏறும் நிஜப் படம், அடுத்த மாதம்னு ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியாச்சு."

"படம் எடுப்பதற்கு முன்னாலேயா?"

"எடுத்த பிறகு ஒட்டுறதுல என்னய்யா தைரியம் இருக்கு?"

இந்த மாதிரி ஆளுக்கு உதவி செய்யாமல் இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

விண்ணப்பத்தை என் பெயரிலேயே போட்டேன். மற்றவர்கள் எழுதினால் 'காரணம்' என்ற கட்டத்தில் 'இடம்' எழுதுவார்கள். 'இடம்' என்ற கட்டத்தில் மாமனார் பெயரை எழுதுவார்கள். நான் எழுதிய விண்ணப்பம் ஒரே நடையில் ஆபீசைத் தாண்டி வந்துவிட்டது. அனுமதிக்கப்பட்ட வழி: கிழக்கு முகம். காலம்: இரண்டு நாள். நிபந்தனைகள்: ஏழு.

அந்த ஏழு நிபந்தனைகளையும் பார்த்தபோது பழைய சிநேகிதர்களைப் பார்த்தது போல இருந்தது. வருஷங்களுக்கு முன்னால், குகைகளில் உரத்துக்கு வௌவால் எச்சம் அள்ளுகிறவர்களுக்காக அவற்றை வரைந்தவனே நான்தான்.

கனி தேர்ந்தெடுத்த குன்று கோப்பெங் போகும் வழியில், ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் நிற்கிறது. கிழக்குப் பக்கம் செங்குத்து. மேற்குப் பக்கம் ஆடு மேய்கிற சரிவு. ஏறப்போகிற ஆள் மருதை. அந்தத் தோட்டத்தில் கள் இறக்குகிறவர். முப்பது வயது இருக்கும். காலையும் மாலையும் தென்னை மரத்தின் உச்சிதான் அவருக்கு ஆபீஸ்.

முதல் நாள் ஒத்திகை. ஃபிலிம் போடாமல் வெறும் காமெராவைச் சுற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. கனி முக்காலியை ஊன்றினார். மருதை வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பாறையை மேலும் கீழும் பார்த்தார்.

"இதானாண்ணே?"

"இதான்."

"மூணு தென்னை இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் கையை வைத்தார்.

நான் பொடி மட்டையைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, உறிஞ்சி, தும்மி, மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மருதை உச்சியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே," என்று மேலிருந்து குரல் வந்தது, "வேற மலை எதுவும் இருக்கா?"

கனி கைப்பிடியை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை, அவர்தான் விளக்கினார். பனிமலைப் படத்தில் அந்த வெள்ளைக்காரர்கள் ஓர் அடி வைப்பதற்குள் பத்து தடவை மூச்சு வாங்குவார்கள். வழுக்குவார்கள். பிடி நழுவும். பார்க்கிறவனுக்கு உள்ளங்கால் கூசும். மருதை ஏறுவதைப் பார்த்தால் என்ன கூசும்? பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படி ஏறுகிற மாதிரி அல்லவா இருக்கிறது.

மருதை பாதி இறங்கி வந்திருந்தார். கனி கீழிருந்து கெஞ்ச ஆரம்பித்தார்.

"மருதை, கொஞ்சம் கஷ்டப்பட்டு ஏறுப்பா."

"கஷ்டமா இல்லையேண்ணே."

"சுசாவா, கஷ்டமா இருக்குற மாதிரி முகத்த வச்சுக்கயேன்."

"அப்ப அது நடிப்புலா. நடிப்பு இல்லன்னு நோட்டீஸ்ல நீங்கதானே போட்டிருக்கீங்க? கங்காணி படிச்சுக் காட்டுனாரு."

பதில் இல்லாதபோது மனிதர்கள் செய்கிற காரியத்தைக் கனியும் செய்தார். குரலை உயர்த்தினார். "சரிப்பா, ஒரே ஒரு தடவை வழுக்கி விழு. லேசா விழுந்தாப் போதும்."

பாறையில் இருந்த மருதை அப்படியே நின்றார். பிறகு இறங்கினார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு லயத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

மரம் ஏறுகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதாம். ஆள் மேலே இருக்கும்போது கீழே நிற்கிறவர்கள் அந்த 'விழு' என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூடாது. மருதை வீட்டில் அவர் மரத்தில் இருக்கிற நேரத்தில் மாமரத்திலிருந்து காய் உதிர்ந்தால்கூட, "மாங்கா வந்துருச்சு" என்றுதான் அவர் மனைவி சொல்வார். இங்கே ஒருவர் அந்தச் சொல்லைக் கட்டளையாகவே போட்டுவிட்டார்... அதுவும் இரண்டு தடவை.

அரை மைல் பின்னாலேயே ஓடினோம். பரிகாரம் உண்டு என்றார் மருதை, அந்தச் சொல்லைச் சொன்னவர் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து மரத்தடியில் ஊற்ற வேண்டும். இங்கே மரம் இல்லை, பாறைதான். கனி யோசிக்கவே இல்லை. "தண்ணிதானே? எந்தச் சாமிக்கும் தண்ணி ஆகும்" என்று லயத்துக் குழாயில் பிடித்து வந்து பாறைக்கு ஊற்றினார். மருதை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு வாரேன்" என்றார்.

மறுநாள். அனுமதியின் கடைசி நாள்.

அன்றைக்குக் கனி ஒரு பெரிய கயிறும் கொண்டுவந்திருந்தார். ஈயச் சுரங்கத்தில் கேட்டு வாங்கியது. கயிறு இல்லாமல் மலை ஏறினால் படத்தை யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவர் கட்சி. "காலுக்கு இடைஞ்சல்" என்று மருதை அதை இடுப்பில் கட்ட மறுத்துவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று, ரப்பர் பால் எடுத்து முடித்துவிட்டு வந்த நாலு தோட்டத்து ஆட்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஆட்டுச் சரிவு வழியாக உச்சிக்குப் போனார்கள். படம் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாலு பேரும் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். ஒருவர் எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கோட்டும் சம்பாதித்திருந்தார்.

கனி கூடாரத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஃபிலிமை மாட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் கார் வந்து நின்றது. தோட்டத்துத் துரை.

துரை கெட்டவர் இல்லை. படிக்கத் தெரிந்தவர், அங்கேதான் சிக்கல். அனுமதிக் கடிதத்தைக் கேட்டார். மற்ற துரைமார்கள் முத்திரையைப் பார்ப்பார்கள், திருப்பிக் கொடுப்பார்கள். இவர் கார் மேல் சாய்ந்துகொண்டு முதல் நிபந்தனையிலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஏழாவதில் நின்றார்.

"உரிமதாரர், ஏறுபவருடன், அனுமதிக்கப்பட்ட வழியில், தாமும் உடன் ஏறுவார்" என்று இங்கிலீஷில் உரக்க வாசித்தார். "உரிமதாரர் யார்?"

"நான்தான்."

"அப்படியானால், ஐயா, நீங்கள் ஏன் கீழே நிற்கிறீர்கள்?"

வௌவால் எச்சம் அள்ளும் குத்தகைக்காரர்கள் கூலிகளைக் குகைக்குள் அனுப்பிவிட்டு வெளியே நிழலில் தூங்குவார்கள். அதைத் தடுக்க நான் எழுதியது அந்த ஏழாவது நிபந்தனை. 'அனுமதிக்கப்பட்ட வழியில்' என்ற இரண்டு வார்த்தையைச் சேர்த்ததற்காக அன்றைய மேலதிகாரி என்னை முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்த முதுகு இப்போது வியர்த்தது.

பின்னால் நின்ற மருதை மெதுவாகச் சொன்னார்: "கிராணி ஐயா, அந்தப் பக்கம் ஆடு போற பாதை இருக்கு. பத்து நிமிசம்."

துரைக்குத் தமிழ் தெரியும். 'கிழக்கு முகம்' என்று நான் எழுதிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். நான் ஏறாவிட்டால் எல்லோரும் கலைந்து வேலைக்குப் போக வேண்டியதுதான். அவர் சொன்னதில் ஓர் எழுத்துப் பிசகில்லை. புது விண்ணப்பம் போட்டால் திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே. மச்சானின் கெடுவும் தாண்டிவிடும்.

கனி என்னை ஏறச் சொல்லவில்லை. என் முகத்தையே பார்க்கவில்லை. காமெராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"கயிற்றை இறக்கச் சொல்லுங்கள்" என்றேன்.

ஏன் சொன்னேன்? இரக்கமா? கொஞ்சம் இருக்கலாம். ஆனால் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் எழுதிய நிபந்தனையை நானே மீறினேன் என்று ஒரு துரை நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பதைவிட, பாறையில் மண்டையை உடைத்துக்கொள்வது அந்த நிமிஷத்தில் எனக்கு மேலாகப் பட்டது.

கக்கத்துக்குக் கீழே கயிற்றைச் சுற்றி மருதை முடிச்சுப் போட்டார். தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். பூட்ஸைக் கழற்றச் சொன்னார், மறுத்தேன். குடையைக் கேட்டார், கொடுக்கவில்லை. தூரத்தில் ஒரு மேகம் கறுத்திருந்தது, மழை வந்தால்? குடையைக் கோட்டுக் காலரில் மாட்டிக்கொண்டேன்.

மேலே நாலு பேர் இழுக்க, பக்கத்தில் மருதை பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு வர, நான் கிழக்கு முகம் வழியாக ஏற ஆரம்பித்தேன்.

"வலது காலை அந்தப் பொந்துல வைங்க."

"எந்தப் பொந்து?"

"நீங்க மூஞ்சிய வச்சிருக்கீங்களே, அதுக்குக் கீழ."

ஒரு தென்னை உயரம் வரை பரவாயில்லை. அதற்கு மேல் நான் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். கீழே பார்த்தேன். துரையின் கார் தீப்பெட்டி மாதிரி இருந்தது.

"மருதை, நான் விழுந்து—"

"ஐயா." மருதையின் குரல் கண்டிப்பாக வந்தது. "அந்தப் பேச்சு வேணாம்."

"பின்னே என்ன சொல்வது?"

"வந்துருவேன்னு சொல்லுங்க."

"மருதை, நான் வந்துருவேன் போலிருக்கிறது."

"வரமாட்டீங்க. இடது காலைத் தூக்குங்க."

தூக்கினேன். பூட்ஸ் ஒரு வெடிப்பில் சிக்கியது. இழுத்தேன். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. அந்த வேகத்தில் மற்ற காலும் பிடியை விட்டது. நான் பாறையை விட்டு விலகி, கயிற்றில் அந்தரத்தில் ஆடினேன்.

அந்த நேரத்தில்தான் கீழே 'கிர்ர்' என்று சத்தம் கேட்டது. கனி கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

கயிறு நின்றுபோனது.

"இழுங்கப்பா" என்றேன். அசையவில்லை. அண்ணாந்து பார்த்தேன். உச்சியில் நாலு பேரும் கயிற்றைப் பிடித்தபடி, வரிசையாக, மார்பை நிமிர்த்தி, காமெராவைப் பார்த்துக்கொண்டு சிலையாக நின்றார்கள். கண் இமைக்கவில்லை. மூச்சு விட்டதாகவும் தெரியவில்லை.

உங்களுக்குப் புரிந்திருக்கும். அவர்கள் வாழ்க்கையில் காமெரா முன்னால் நின்றது ஒரே தடவை. ஊருக்குப் படம் அனுப்புவதற்காகக் கோப்பெங் ஸ்டூடியோவில். அங்கே சீனக்காரர் தலைக்குப் பின்னால் இரும்புக் கவட்டையை வைத்து அழுத்தி, ஆடினால் படம் கெட்டுவிடும், இன்னொரு தடவை எடுக்க முடியாது என்று கையைக் காட்டி மிரட்டியிருக்கிறார். இங்கேயும் இருப்பது ஒரே டின் என்று அவர்களுக்குத் தெரியும். கனியண்ணன் பிழைப்பே அதில் இருக்கிறது என்றும் தெரியும். கெடுப்பார்களா?

"மருதை, அவர்களை இழுக்கச் சொல்."

திரும்பிப் பார்த்தேன். மருதை ஒரு கையால் பாறையைப் பிடித்து, மறு கையை இடுப்பில் ஊன்றி, புன்னகையோடு காமெராவைப் பார்த்து உறைந்திருந்தார். உதட்டைப் பிரிக்காமல், "ஆடாதீங்க ஐயா, படம் புடிக்கிறாங்க" என்றார்.

ஆடாமல் எப்படி இருப்பது? நான்தானே தொங்குகிறேன்.

கையை வீசினேன். காலை உதைத்தேன். குடை காலரிலிருந்து நழுவி, கீழே போகிற வழியில் விரிந்து, நிதானமாக மிதந்து துரையின் காலடியில் உட்கார்ந்தது. கோட்டு, கயிற்றோடு மேலே ஏறி என் தலையை மூடியது. அதற்குள்ளிருந்து நான் சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. பயாஸ்கோப்பில் சத்தம் வராது என்பது எவ்வளவு பெரிய வசதி.

கனிக்கு நடப்பது தெரியவில்லையா? நன்றாகத் தெரிந்தது. பிறகு நானே கேட்டேன். "இழுங்கன்னு ஒரு சத்தம் போடத்தான் வாயத் தொறந்தேன் ஐயா. அப்புறம் ஓட்டை வழியாப் பாத்தேன். அந்தப் பனிமலை ஆளுங்க எல்லாரும் உங்ககிட்ட பிச்சை வாங்கணும். வாயை மூடிக்கிட்டேன்."

டின் தீரும் வரை சுற்றினார். 'டக்' என்று சத்தம் நின்றது. மேலே நாலு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அது எனக்கே கேட்டது. அடுத்த நிமிஷம் என்னை வாளி மாதிரி இழுத்து உச்சியில் போட்டார்கள்.

கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்தேன். பிறகு எழுந்து பார்த்தேன். கீழே லயத்துக் கூரைகள், ரப்பர் மரங்கள், வெயிலில் கண் கூசுகிற, ஈயம் தோண்டிய குளங்கள், கோப்பெங் சாலையில் ஒரு மாட்டு வண்டி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். நிற்கவே இல்லை. கறுப்புக் கோட்டுக்காரரும் சிரித்தார். ஒற்றைப் பூட்ஸோடு ஒரு பெரிய கிராணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து மருதை கவலையோடு, "ஐயாவுக்கு உச்சி வெயிலு ஆகல" என்றார்.

இறங்கும்போது ஆட்டுப் பாதை வழியாகவே இறங்கினேன். ஏறும் வழியைத்தான் அனுமதி சொல்கிறது. இறங்கும் வழியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. துரையிடம் காட்டினேன். படித்துப் பார்த்தார். குடையை மடக்கிக் கையில் கொடுத்தார்.

ஃபிலிம் சிங்கப்பூருக்குப் போய், கழுவி, படமாகத் திரும்பி வந்தது. முதல் ஆட்டம் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணிக்கு. நோட்டீஸ் நன்றாக வேலை செய்திருந்தது. பாதிக் கூடாரம் நிறைந்திருந்தது. முன் பெஞ்சில் மச்சான். சுங்காயிலிருந்து லாரியோடு வந்திருந்தார், கூடாரத்தைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு போவதற்காக. நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு கடைசி பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன்.

படம் ஓடியது. இப்படி ஒரு சத்தத்தை அந்தக் கூடாரம் கேட்டிருக்காது. குடை விரிந்தபோது பெஞ்சே ஆடியது. பூட்ஸ் இல்லாத கால் அந்தரத்தில் உதைத்தபோது ஒரு பெண்மணி, "ஐயையோ, அந்த மனுசன் வீட்ல சொல்லிட்டு வந்தாரா" என்று வாய்விட்டுக் கேட்டார். சிரிப்பு ஓய்ந்து, பயம் வந்து, பயம் ஓய்ந்து, மறுபடி சிரிப்பு. கனி திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னார்: "ஐயா சாமியைக் கூப்பிடுறார், பாருங்க. கேக்குதா சாமிக்கு? கேக்கல."

மலை ஏறத் தெரிந்த மருதை ஒரு மூலையில் அழகாக நிற்கிறார். அவரை யாரும் பார்க்கவில்லை. எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. ஏறத் தெரிந்தவனைப் படம் பிடித்தால் மலை சின்னதாகிவிடுகிறது. ஏறத் தெரியாதவனைத் தொங்கவிட்டால்தான் மலை, மலை அளவுக்குத் தெரிகிறது. ஆபீசுகளிலும் இதுதானே? வேலை தெரிந்தவன் செய்கிற வேலை யார் கண்ணிலும் படுவதில்லை.

திடீரென்று திரை வெள்ளையானது. டின் அவ்வளவுதான். திரையில் நான் இன்னும் மேலே போகவில்லை.

முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல் — மச்சானுடையது — "அப்புறம்?"

கனி திகைத்துப் போனார். இந்தக் கேள்வி வரும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. நான் இருக்கிறேனே, எழுந்து நின்று காட்டிவிடலாம் என்று பாதி எழுந்தேன். கனி என்னைப் பார்த்துவிட்டார். நூறு தலைகளுக்கு மேலாக அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... நான் உட்கார்ந்தேன். சால்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"படம் புடிச்ச வரைக்கும் நடந்தது இதுதான்," என்றார் கனி. "ஐயா மேல போனாரா, கீழ வந்தாரா... எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கும் ஆட்டம் இருக்கு."

பொய் சொன்னாரா? 'எனக்கு எப்படித் தெரியும்' என்ற ஒரு வரி தவிர மற்றதெல்லாம் நிஜம். அந்த ஒரு வரியும் கேள்வியாகத்தான் இருந்தது. என் ஆபீஸ் அனுபவத்தில் கேள்வியைப் பொய் என்று யாரும் தண்டித்ததில்லை.

மறுநாள் அதே ஜனம் வந்தது, கூடவே பக்கத்து வீட்டையும் அழைத்துக்கொண்டு. நான் அதே இடத்தில்தான் தொங்கினேன். அதற்கு அடுத்த நாள் ஆட்கள் வெளியே நின்றார்கள். கொட்டகையில் காற்றாடி யாரும் இல்லாமல் சுற்றியதாகக் கேள்வி. மச்சான் மூன்று ஆட்டம் பார்த்தார். நாலாம் நாள் லாரியைக் காலியாகவே திருப்பிக்கொண்டு, "கடைக்கு வேற ஆளு பாத்துக்கிறேன். நீ கூடாரத்தோட சுங்காய்க்கு எப்ப வாரே?" என்று கேட்டுவிட்டுப் போனார். வண்டியில் ஏறும்போது குரலைத் தாழ்த்தி, "எங்கிட்ட மட்டும் சொல்லு. அந்த ஆளு பொழைச்சாரா?" என்றாராம். கனி சொல்லவில்லை. மச்சானிடமே சொல்லவில்லை என்றால் பாருங்கள்.

அதனால் வந்த வினை என் தலையில். முதல் ஆட்டம் முடிந்த கையோடு கனி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். படம் ஓடுகிற வரைக்கும் நான் யார் கண்ணிலும் படக் கூடாது. பாசாருக்குப் போகக் கூடாது. கோவிலுக்கும் போகக் கூடாது. ஒருத்தர் என்னைத் தெருவில் பார்த்துவிட்டால் போதும், 'அப்புறம்' என்ற கேள்வி தீர்ந்தது, கூடாரமும் தீர்ந்தது.

"இதைப் பத்திரிகையில் எழுதப்போகிறேனே, கனி" என்றேன்.

"எழுதுங்க ஐயா. படிக்கிறவங்க வேற, பாக்குறவங்க வேறலா."

உங்களைப் பற்றி அவர் வைத்திருக்கும் மதிப்பு அது. கெடுத்துவிடாதீர்கள்.

ஈப்போ முடிந்து, இப்போது கூடாரம் கோப்பெங்கில். அடுத்தது பீடோர். நான் வீட்டுக்குள். இதற்கிடையில் நேற்று ஆபீசிலிருந்து ஒரு கடிதம். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கு இந்த வாரம் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். தபாலில் ஏற்பதில்லை. ஆள் மூலமாக ஏற்பதில்லை. அந்த வரிசையில் கோப்பெங் ஆட்கள் எத்தனை பேர் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். தவறினால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும்; விதி தெளிவாகவே இருக்கிறது. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மடித்தேன். பெட்டியில் போட்டேன்.

ஆகவே, அன்பர்களே, இந்த மாதம் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் உயிரோடு இல்லை — ஆறரை மணி ஆட்டத்தில் மட்டும் கொஞ்சம் துடிப்பேன்.